சட்டி இல்லாத மத்தியதரைச் சமையல்

ஜனவரி பிறந்தால் அமெரிக்காவின் யு.எஸ். நியூஸ் நிறுவனம் சிறந்த உணவுமுறைகளின் பட்டியலை வெளியிடும். 2018இல், இரத்த அழுத்தத்தைக் குறைக்க வகுக்கப்பட்ட டாஷ் உணவுமுறையோடு முதலிடத்தைப் பங்கிட்டுக்கொண்ட மத்தியதரைக் கடல் உணவு, அதற்கடுத்த ஆண்டுகளில் அந்த இடத்தில் தனியாகவே உட்கார்ந்திருக்கிறது. பட்டியல் வந்த சூட்டோடு சமையல் புத்தகங்களும் வந்துவிடுகின்றன. குடும்பத்தோடு சாப்பிட மத்தியதரைக் கடல் பாணி இரவுச் சாப்பாடு, ஒரே ஓவன் தட்டில், முப்பதே நிமிடத்தில். இவற்றைக் குறை சொல்பவர்களுக்கு ஒரு பதில் தயாராக இருக்கிறது: இது ஒரு பாணி, கறாரான செய்முறை கிடையாது, அவரவர் வசதிப்படி வளைத்துக்கொள்ளலாம். எனக்கு வழக்கு இந்தப் பதிலோடுதான்.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். வீட்டில் அடுப்பு எரிகிறது; வெளியிலிருந்து பொட்டலம் வாங்கிப் பிரிப்பதைவிட இது எவ்வளவோ மேல். வெண்ணெய் குறைகிறது, காய் கூடுகிறது, நாலு பேர் ஒரு மேசையில் உட்காருகிறார்கள். 2010இல் யுனெஸ்கோ இந்த உணவுமுறையைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது, கூடி உண்ணும் பழக்கத்துக்கும் அழுத்தம் கொடுத்தது. உடம்புக்கு நல்லது என்பதற்கும் சான்று உண்டு. ஸ்பெயினில் 7,400க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த பிரெடிமெட் ஆய்வு 2013இல் வெளிவந்தது. ஆட்களைக் குழு பிரித்ததில் குளறுபடி தெரியவந்ததால் அது திரும்பப் பெறப்பட்டு, 2018இல் திருத்தத்தோடு மீண்டும் வந்தது. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை குறைந்தன என்ற முடிவு பெரும்பாலும் தாக்குப்பிடித்தது. இதிலெல்லாம் எனக்குச் சச்சரவில்லை.

இனி அந்த முப்பது நிமிடத் தட்டைப் பார்ப்போம். கோழியின் நெஞ்சுக்கறி நான்கு துண்டு, அல்லது சால்மன் மீன் நான்கு துண்டு. சுற்றிலும் செர்ரித் தக்காளி, சுக்கினி, சிவப்பு வெங்காயம். டப்பாவைத் திறந்து நீர் வடித்த கொண்டைக்கடலை ஒரு கை. எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. இருநூறு டிகிரி ஓவனில் இருபத்தைந்து நிமிடம். வெளியே எடுத்து ஃபெட்டா சீஸை உதிர்த்து, எலுமிச்சை பிழிந்தால் முடிந்தது. பக்கத்தில் கீன்வா. சால்மன் அந்தக் கடலில் வாழும் மீனே இல்லை. கீன்வா ஆண்டீஸ் மலைத்தொடரின் தானியம். இதைச் சுட்டிக்காட்டினால் பண்டிதத்தனம் என்பார்கள். சரி, விட்டுவிடுவோம். கோழியும் மீனும் அந்தக் கரைகளில் கிடைக்காதவை என்றும் நான் சொல்லவில்லை. தட்டின் நடுவில் எது உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் கேள்வி.

இந்த உணவுக்குப் பெயர் வாங்கித் தந்தது கிரேக்கத்தின் கிரீட் தீவு. அமெரிக்க ஆய்வாளர் அன்செல் கீஸ் 1958இல் தொடங்கிய ஏழு நாடுகள் ஆய்வில், இதய நோய் மிகக் குறைவாக இருந்தவர்கள் கிரீட்டின் கிராமத்து ஆண்கள். அவர்கள் உண்டது ரொட்டி, பருப்பு வகைகள், கீரை, காய், பழம், ஆலிவ். இறைச்சி எப்போதாவது. அவர்கள் உடம்புக்குக் கிடைத்த கலோரியில் ஏறக்குறைய 40 சதவீதம் கொழுப்பு. அதில் பெரும்பங்கு ஆலிவ் எண்ணெய். ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் விரத நாட்கள் ஆண்டுக்கு 180ஐ ஒட்டி வரும். அந்த நாட்களில் இறைச்சி, முட்டை, பால் எதுவும் ஆகாது. பாதி வருடம் புலால் இல்லாமல் ஒரு குடும்பத்துக்கு ருசியாகப் பொங்கிப்போட வேண்டும் என்றால் அந்த அடுப்பில் என்ன வெந்திருக்கும்?

கிரேக்கர்கள் ஃபசோலாதா என்கிற பீன்ஸ் சாறு வெந்திருக்கும். வெள்ளை பீன்ஸை இரவே ஊறப்போடுவார்கள். காலையில் ஒரு கொதி விட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் வெங்காயம், கேரட், செலரி, தக்காளியோடு ஏற்றி, சிறு தீயில் ஒன்றரை மணி நேரம் விடுவார்கள். தாராளமாக எண்ணெய். அவிந்த பீன்ஸ் கொஞ்சம் கரைந்து சாற்றைத் தானாகவே கெட்டியாக்கும். பக்கத்தில் ரொட்டி, ஆலிவ், விரதமில்லாத நாளில் கிடைத்தால் உப்பிட்ட நெத்திலி.

மற்றொரு நாள் எண்ணெயில் வேகும் காய். கிரேக்கத்தில் இதற்கு லதெரா என்று பெயர். பச்சை பீன்ஸ், வெண்டை, கத்தரி, கூனைப்பூ எல்லாமே இப்படிச் சமைபடும். வெங்காயத்தை எண்ணெயில் நிறம் மாறாமல் வதக்கி, காயைப் போட்டு, துருவிய தக்காளியும் உப்பும் சேர்த்து, மூடி வைத்து முக்கால் மணியோ ஒரு மணியோ விடுகிறார்கள். காய் விட்ட தண்ணீர் வற்றி, எண்ணெய் பிரிந்து மேலே வரும்போது இறக்க வேண்டும். அந்தப் பதம் எதுவென்று தமிழ்நாட்டுச் சமையல்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இறக்கியதும் பரிமாற மாட்டார்கள். ஆறி, வெதுவெதுப்புக்கு வந்தபின் ரொட்டியால் எண்ணெயைத் துடைத்துச் சாப்பிடுவார்கள். அங்கே கீரை என்றால் வேகவைத்து எண்ணெயும் எலுமிச்சையும் ஊற்றியது. கோடையில் அது நம் குப்பைக்கீரை, சிறுகீரை இனத்தைச் சேர்ந்த கீரைதான்.

இது கிரேக்கர்களின் தனிச்சொத்தும் இல்லை. கெய்ரோவில் குறுகிய கழுத்துள்ள பெரிய பானையில் ஃபாவா அவரை இரவெல்லாம் வெந்து, காலையில் ஃபூல் ஆகிறது. இத்தாலியின் டஸ்கனியில் வெள்ளை பீன்ஸை ஒயின் குடுவைக்குள் போட்டு, அணையும் கங்கில் இரவு முழுக்கப் புதைத்து வைத்தார்கள். அதே நாட்டின் தெற்கே பூலியாவில் உலர்ந்த ஃபாவாவை மசித்து, கசப்புக் கீரையோடு உண்கிறார்கள். மொராக்கோவில் நோன்பு திறப்பது கொண்டைக்கடலையும் மைசூர்ப் பருப்பு இனமும் சேர்ந்த ஹரீராவோடு. மதம் வேறு, மொழி வேறு, மசாலா வேறு. இந்தக் கடலைச் சுற்றியுள்ள இருபதுக்கு மேற்பட்ட நாடுகளுக்கும் பொதுவாகப் பாணி என்று ஒன்று இருக்குமானால், அது சிறு தீயில் நெடுநேரம் இருக்கும் அந்தச் சட்டிதான். ஃபெட்டா கெய்ரோவில் இல்லை, ஆரிகனோ மராகேஷில் இல்லை. சட்டி எல்லா இடத்திலும் இருக்கிறது.

புத்தகங்கள் தொலைத்தது சரியாக இதைத்தான். தொலைந்தது தற்செயலும் இல்லை. முப்பது நிமிடம் என்று முதலிலேயே முடிவு கட்டிவிட்டால், தட்டின் நடுவில் எது வரும் என்பதும் அப்போதே முடிவாகிவிடுகிறது. அந்த நேரத்துக்குள் பச்சையாகப் போட்டு, வெந்து, வயிறு நிறைக்கக்கூடியது கோழி நெஞ்சும் மீன் துண்டும்தான். ஊறாத பீன்ஸ் வேகாது, தக்காளி வற்றாது, எண்ணெய் பிரியாது. ஆக கடிகாரம் இறைச்சியைத் தேர்ந்தெடுக்கிறது. மத்தியதரைக் கடலுக்கு மிச்சம் விடப்படுவது மேலே தூவும் வேலை. எத்தனை புத்தகம் வந்தாலும் அட்டைப்படம் ஒரே மாதிரி இருப்பதற்கு இதுவே காரணம்.

டப்பா கொண்டைக்கடலை இருக்கிறதே என்பார்கள். டப்பாவை நான் வெறுக்கவில்லை. ஆனால் வெந்த கடலையை எண்ணெய் தடவி ஓவனில் காயவிட்டால் தோல் வெடித்து, உள்ளே மாவாகி, கொறிக்கிற பண்டமாகிறது. கோழியின் சாற்றையும் அது உறிஞ்சுவதில்லை, தக்காளியோடும் சேர்வதில்லை. அதே டப்பாவை வதங்கிய வெங்காயத்தில் கொட்டி இருபது நிமிடம் கொதிக்கவிட்டால் குழம்பு. அதைச் சொல்லித்தரும் பக்கம் இந்தப் புத்தகங்களில் அரிது.

எண்ணெயின் கதை இன்னும் மோசம். அந்த உணவில் எண்ணெய்தான் இறைச்சியின் இடத்தில் நின்று வயிற்றை நிறைத்தது. இன்றைய குறிப்பில் கலோரிக்குப் பயந்து ஒரு கரண்டி எண்ணெய். இழந்த நிறைவை ஈடுகட்டக் கோழி. கிரீட் சாப்பாட்டைத் தலைகீழாகக் கவிழ்த்தால் கிடைப்பது இது. பிரெடிமெட் ஆய்வை முன்னுரையில் தவறாமல் காட்டுகிறார்களே, அந்த ஆய்வு என்ன சொல்லிக்கொடுத்தது? நாளுக்கு 4 மேசைக்கரண்டியாவது ஆலிவ் எண்ணெய். ஒரு குழுவுக்கு வீட்டுக்கு வாரம் ஒரு லிட்டர் இலவசமாகவே தந்தார்கள். வாரத்தில் மூன்று முறையாவது பருப்பு வகை. வாரத்தில் இரண்டு முறையாவது சோஃப்ரித்தோ, அதாவது தக்காளி, பூண்டு, வெங்காயத்தை ஆலிவ் எண்ணெயில் மெல்ல வதக்கிய அடிக்கூட்டு. ஒரு மருத்துவ ஆய்வு, வதக்கும் முறையைப் பெயர் சொல்லிக் கேட்டது. அந்த ஆய்வின் பெயரில் விற்கும் புத்தகம் வதக்குவதற்கே நேரமில்லை என்கிறது. (நம் ஊர் சூப்பர் மார்க்கெட்டில் இந்த மோகத்துக்கு விற்கப்படுவதில் கணிசமானது பொமஸ் எண்ணெய். ஆலிவைப் பிழிந்தபின் மிஞ்சும் சக்கையிலிருந்து கரைப்பான் ஊற்றி எடுத்துச் சுத்திகரித்தது. அந்தக் கூத்தைத் தனியே எழுத வேண்டும்.)

இங்கேதான் எதிர்வாதம் பலமாக வரும். சாயந்திரம் ஆறரைக்கு வேலையிலிருந்து திரும்பும் தாயிடம் ஒன்றரை மணி நேரம் பீன்ஸ் வேகவை என்று சொல்வதற்கு உனக்கு என்ன தைரியம்? நியாயமான கோபம். அந்தச் சட்டிகளுக்குப் பின்னால் வீட்டை விட்டு நகராத பெண்களின் உழைப்பு இருந்தது என்பதும் உண்மை. ஆனால் பீன்ஸ் ஊறும்போது யாரும் பக்கத்தில் நிற்க வேண்டாம், வேகும்போதும் வேண்டாம். கோழித் தட்டுக்குத்தான் காய் நறுக்கி, ஓவன் சூடேற்றி, நேரம் பார்த்துக் காவல் நிற்க வேண்டும், அதுவும் பசியோடு பிள்ளைகள் சுற்றி நிற்கும் நேரத்தில். மேலும் கிரீஸிலும் இத்தாலியிலும் ஸ்பெயினிலும் வழமையான பெரிய சாப்பாடு மதியத்தில். இரவில் அதன் மிச்சமோ, இலேசாக ஏதோ ஒன்றோ. லதெராவும் ஃபசோலாதாவும் மறுநாள் இன்னும் ருசி. ஆகவே முந்தின இரவே செய்து வைத்து, வீடு திரும்பியதும் ரொட்டியை அறுத்தால் போதும். நேரமில்லாதவருக்கென்றே அமைந்த சமையல் அது. நேரமில்லை என்று சொல்லி அதைத்தான் கழித்துக்கட்டியிருக்கிறார்கள்.

ஏழ்மையைப் போற்றிப் பாடுகிறாய் என்ற குற்றச்சாட்டும் வரும். 1948இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளைக்காக லேலண்ட் ஆல்பா நடத்திய கிரீட் கணக்கெடுப்பில், சாப்பாட்டில் எது கூட வேண்டும் என்று கேட்டபோது பெரும்பாலோர் சொன்னது இறைச்சி. அவர்களுக்குக் கிடைத்திருந்தால் உண்டிருப்பார்கள். நாளடைவில் கிடைத்தது, உண்டார்கள். 2018இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு வெளியிட்ட கணக்கில், சிறுவர்களின் உடல்பருமன் மிக அதிகமாக இருந்த நாடுகள் சைப்ரஸ், கிரீஸ், இத்தாலி, மால்டா, சான் மரினோ, ஸ்பெயின். ஏறக்குறைய ஐந்துக்கு ஒரு பையன். கிரீட்காரர் ஆசைப்பட்ட இறைச்சியை இன்று அமெரிக்கக் குடும்பம் உண்பதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. அதை அவர் வேறு வழியில்லாமல் உண்டு வாழ்ந்த பீன்ஸின் பெயரில் விற்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. பருப்பு ஏழையின் தீனி என்ற பழைய இளக்காரம் இந்தப் பளபளப்பான பக்கங்களுக்கு அடியில் அப்படியே இருக்கிறது. இல்லாவிட்டால் நூறு குறிப்பில் பீன்ஸ் சட்டி நாலுகூடத் தேறாதது ஏன்?

ஆங்கிலச் சமையல் எழுத்தாளர் எலிசபெத் டேவிட் 1950இல் மத்தியதரைக் கடல் சமையல் பற்றிப் புத்தகம் எழுதியபோது இங்கிலாந்தில் ரேஷன் முடியவில்லை. ஆலிவ் எண்ணெயைக் காதில் விடுவதற்காக மருந்துக் கடையில் சிறு புட்டியில் வாங்கிக்கொண்டிருந்தார்கள். கத்தரிக்காயும் பூண்டும் எளிதில் கிடைக்காத அந்த நாட்டு வாசகருக்காக அவர் சமையலை வளைத்திருக்க எல்லாக் காரணமும் இருந்தது. வளைக்கவில்லை. வாசகர்கள்தான் மெல்ல மெல்ல அவர் பக்கம் போனார்கள்; கடைகள் அவர்கள் பின்னால் போயின. இன்றோ எல்லாப் பொருளும் எல்லாக் கடையிலும் கிடைக்கின்றன, அவற்றை வாங்கி வந்து அதே கோழியின் மேல் தூவுகிறோம்.

இந்த வாரம் அந்தப் பாணியில் சமைக்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சால்மன் வாங்க வைத்திருந்த பணத்தில் நல்ல எக்ஸ்ட்ரா வெர்ஜின் எண்ணெய் வாங்குங்கள். கால் கிலோ வெள்ளை பீன்ஸை இரவு ஊறப்போட்டு, மறுநாள் மேலே சொன்னபடி சட்டியில் ஏற்றி, அரை டம்ளர் எண்ணெயைக் கைநடுங்காமல் ஊற்றுங்கள். அதற்கடுத்த நாள் சாப்பிடுங்கள். அதற்கப்புறமும் ஓவன் தட்டே உத்தமம் என்று தோன்றினால் அதையே செய்யுங்கள். அவை மோசமான கோழிக் குறிப்புகள் இல்லை. கோழிக் குறிப்புகள், அவ்வளவுதான்.