மேல்மாடிச் சத்தம்

'படம் நகருதே இல்ல' என்று பாதியில் எழும்பிப் போகிறவர்களுக்கு 'தரோபிரெட்ஸ்' சரிவராது. கோரி பின்லியின் முதற்படமான இது 2017இல் சன்டான்ஸ் விழாவில் திரையிடப்பட்டது. முதலில் மேடை நாடகமாக எழுதப்பட்ட பிரதி. அந்தத் தடம் படத்தில் அப்படியே கிடக்கிறது: ஒரு பெரிய வீடு, இரண்டு பதின்வயதுப் பெண்கள், நீண்ட உரையாடல்.

கதை சின்னது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்துப் பணக்காரப் பிள்ளைகள் இருவர். அமண்டாவுக்கு எந்த உணர்ச்சியும் வருவதில்லை. அதை அவள் ஒளிப்பதுமில்லை. காயப்பட்ட குதிரையைக் கத்தியால் கொன்றவள் என்று மற்றவர்கள் அவளை விலக்கி வைத்திருக்கிறார்கள். லிலி பண்பான பிள்ளை. ஆனால் அமண்டாவின் தாயிடம் காசு வாங்கிக்கொண்டுதான் அவளோடு பழகுகிறாள். அதை மறைத்துச் சிரிக்கிறாள். தாயின் இரண்டாம் கணவன் மார்க்கைக் கொல்ல வேண்டும் என்ற ஆசை கடைசியில் யாருக்குள் வேர்விடுகிறது? இந்தப் 'பண்பான பிள்ளைக்குள்' தான்.

பொய்யாக அழுவது எப்படி என்று அமண்டா லிலிக்குப் பாடம் எடுக்கும் காட்சியில் சிரிப்பு வருகிறது. கொஞ்சம் பொறுத்துப் பயமும் வருகிறது. ஏனென்றால் அந்தப் பாடம் உண்மையில் தேவைப்படாதவள் லிலிதான்.

மார்க் மேல்மாடியில் துடுப்புவலிக்கும் உடற்பயிற்சி இயந்திரத்தில் இருக்கிறான். அந்தச் சத்தம் வீடு முழுக்கக் கேட்கிறது. கொலை நடக்கும்போது கமரா மேலே போகவே இல்லை. கீழே சோபாவில் மயங்கிக் கிடக்கும் அமண்டாவிடமே நிற்கிறது. வேகமான படமென்றால் நாமும் அந்தப் பிள்ளைகளின் பக்கம் சேர்ந்து ஓடியிருப்போம். இந்த மெதுவான நடை நம்மை உட்காரவைத்துக் கேட்கச் செய்கிறது. மார்க் அன்பில்லாதவன், சரி. சாகவேண்டிய அளவுக்கு அவன் என்ன செய்துவிட்டான்? படம் வாய்திறந்து கேட்காத கேள்வி இது.

குறையும் உண்டு. லிலியின் தாய் ஒரு நிழலாகவே வந்துபோகிறாள். இந்த வீட்டுக்குச் சம்பந்தமில்லாத, போதைப்பொருள் விற்கும் டிம் என்ற இளைஞனைப் படம் அதிகமும் சிரிப்புக்கே பயன்படுத்துகிறது. 2016 ஜூனில் விபத்தில் இறந்துபோன அன்டன் யெல்ச்சின்தான் அவனுக்கு ஒரு மனித முகத்தைக் கொடுத்திருக்கிறார்.

உயர்சாதிக் குதிரைகளைக் குறிக்கும் சொல்லே படத்தின் பெயர். நல்ல உடுப்பு, நல்ல பள்ளிக்கூடம், நல்ல பேச்சு இருந்தால் 'நல்ல பிள்ளை' என்று முத்திரை குத்திவிடுவது எல்லா ஊருக்கும் உரிய பழக்கம். படம் அடிப்பது அந்த இடத்தில்தான். தன் தோழி செய்த கொலையைத் தன் தலையில் ஏற்றுக்கொள்கிறாள், உணர்ச்சி இல்லாதவள் எனப்பட்ட அமண்டா. மனநல நிலையத்திலிருந்து லிலிக்குக் கடிதமும் எழுதுகிறாள். அந்தக் கடிதத்தை நாம் கேட்கிறோம். லிலி வாசிக்காமலே எறிந்துவிடுகிறாள்.