குவாண்டம் வேலையும் 82,110 என்ற எண்ணும்

2025-ஐ ஐ.நா. சபை சர்வதேச குவாண்டம் அறிவியல், தொழில்நுட்ப ஆண்டாக அறிவித்திருந்தது. அதனால் நம்ம பக்கத்துக் கல்லூரிகளில் அந்த வருஷம் முழுக்க கருத்தரங்குகளுக்குக் குறைவில்லை. நானும் மூணு நாலு கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்தேன். நாளிதழ் இணைப்புகளில் வந்த கட்டுரைகளையும் வெட்டி வைத்துக்கொண்டேன். பேசுகிறவர் மாறினாலும் ஒரு ஸ்லைடு மட்டும் மாறவே இல்லை. 'குவாண்டம் மனிதவளத்தில் இந்தியா உலகத்திலேயே இரண்டாம் இடம், 82,110 பேர்.' கீழே ஒரு மூவர்ணக் கொடி. கைதட்டல்.

இந்தக் குறிப்பு அந்த எண்ணைப் பற்றியது.

எண் பொய்யில்லை. மெக்கின்சி என்ற ஆலோசனை நிறுவனம் வருஷா வருஷம் வெளியிடும் குவாண்டம் தொழில்நுட்ப அறிக்கையிலிருந்து எடுத்தது. 2020-ஐ ஒட்டிய கணக்கு. ஐரோப்பிய ஒன்றியம் 135,511, இந்தியா 82,110, சீனா 57,693, அமெரிக்கா சுமார் 45,000. யாரை எண்ணினார்கள் என்று பார்த்தால்தான் விஷயம் புரியும். இயற்பியல், வேதியியல், உயிர்வேதியியல், கணிதம், புள்ளியியல், மின்னணுவியல், வேதிப்பொறியியல், கணினித் துறை என எல்லாத்திலும் முதுகலை முடித்தவர்கள். அதாவது குவாண்டம் பக்கம் திருப்பிவிட்டால் திரும்பக்கூடியவர்கள். 'தொடர்புடைய துறைகள்' என்று அறிக்கை ஒளிக்காமல்தான் சொல்கிறது. ஸ்லைடில் ஏறும்போது அந்த இரண்டு சொல்லும் உதிர்ந்துவிடுகிறது. கடலோரத்தில் பிறந்த அத்தனை பேரையும் கட்டுமரம் ஓட்டத் தெரிந்தவர்கள் என்று கணக்கெடுத்த மாதிரி.

அதே நிறுவனத்தின் இன்னொரு எண்ணும் இந்தக் கூட்டங்களில் அடிபடும்: 'மூணு வேலைக்கு ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறார்.' இது 2022 அறிக்கையில் வந்தது. இந்த விகிதம் எதிலிருந்து வந்தது என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அப்போது உலகம் முழுக்கத் திறந்திருந்த குவாண்டம் வேலை விளம்பரங்கள் 851. குவாண்டம் தொழில்நுட்பத்திலேயே முதுகலை முடித்து வருகிறவர்கள் வருஷத்துக்கு 290 பேர். அவ்வளவுதான். அடுத்த வருஷ அறிக்கையில் விளம்பரங்கள் 717 ஆகக் குறைந்தன, முடித்தவர்கள் 450 ஆகக் கூடினார்கள். இடைவெளி பாதிக்கு மேல் அடைந்துவிட்டது. நம் மேடைகளில் மட்டும் 'மூணுக்கு ஒண்ணு' அப்படியே நிற்கிறது.

இப்போ இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் இந்தியாவில் மட்டும் 82,110 பேர். மறுபக்கம் உலகம் மொத்தத்துக்கும் 851 விளம்பரம். முதல் எண்ணைக் காட்டுகிறவர்கள் 'நாம தயார்' என்கிறார்கள். இரண்டாவதைக் காட்டுகிறவர்கள் 'ஆள் இல்லை' என்கிறார்கள். பல கூட்டத்தில் இரண்டையும் ஒரே ஆளே சொல்கிறார், பத்து நிமிஷ இடைவெளியில். ஒரே ஸ்லைடில் இரண்டையும் போட்ட ஒருத்தரையும் நான் பார்க்கவில்லை.

நான் இருப்பது கனகசெட்டிக்குளம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் புதுச்சேரி இங்கே முடிந்து தமிழ்நாடு தொடங்கிவிடும். தெற்கே கொஞ்ச தூரத்தில் காலாப்பட்டில் 1985-ல் வந்த மத்தியப் பல்கலைக்கழகம். அதற்கும் தெற்கே பிள்ளைச்சாவடியில், பொறியியல் கல்லூரியாக இருந்து இப்போது தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக ஆகியிருக்கும் வளாகம். காலை பஸ்ஸில் அந்த 82,110-ல் சேரப்போகிறவர்கள் நின்றுகொண்டு போகிறார்கள். எங்க தெருவில் ஒரு பெண் எம்.எஸ்சி. இயற்பியல் கடைசி வருஷம். அவளுக்கு பிஎச்.டி. ஆசை. ஷேர் ஆட்டோ ஓட்டும் அவள் அப்பாவுக்கு அவள் பேங்க் பரீட்சை எழுதினால் போதும். ஒரு நாளிதழ் இணைப்பை மடித்து எடுத்துவந்து, "இதுல போட்டிருக்கிறது நெசமா சார்? ரெண்டாவது எடம்ங்கிறான், ஆனா எந்தக் கம்பெனின்னு போடலியே" என்று கேட்டார். மேடையில் யாரும் கேட்காத கேள்வி. அந்தக் கட்டுரையில் சம்பளம் இருந்தது, அமெரிக்க டாலரில். எத்தனை வருஷம் படிக்கணும், அதுவரை சாப்பாட்டுக்கு யார் தருவார் என்பது இல்லை.

அதை நான் சொல்கிறேன். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருஷம் கழித்து 42,000, வாடகைப்படி தனி. மொத்தம் அஞ்சு வருஷம். இது கௌரவமான தொகைதான். கிடைக்காதவர்கள் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால், நெட் அல்லாதோர் உதவித்தொகை மாதம் 8,000. 2015 அக்டோபரில் இந்த உதவித்தொகையை நிறுத்தப் பார்த்து, தில்லியில் மாணவர்கள் யு.ஜி.சி. வாசலில் உட்கார்ந்து போராடினார்களே, அப்போதும் 8,000தான். பத்து வருஷமாகத் தொகை நகரவில்லை. பிஎச்.டி. முடிக்க விதிப்படி ஆறு வருஷம் வரை போகலாம். ஒரே ஆய்வகத்தில் ஒரே மேசையில் 37,000 வாங்குகிறவரும் 8,000 வாங்குகிறவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் சாயங்காலம் டியூஷன் எடுக்க ஓடுவார். 'குவாண்டம் துறையில் ஒளிமயமான எதிர்காலம்' என்ற தலைப்பு இந்த இரண்டு பேருக்கும் ஒன்றா?

அரசாங்கத் திட்டத்துக்கு வருவோம். 2020 பிப்ரவரி பட்ஜெட்டில் குவாண்டம் தொழில்நுட்பத்துக்கு அஞ்சு வருஷத்தில் 8,000 கோடி என்று அறிவித்தார்கள். 2023 ஏப்ரல் 19-ஆம் தேதி அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த தேசிய குவாண்டம் இயக்கத்தின் தொகை 6,003.65 கோடி, எட்டு வருஷத்துக்கு, 2030-31 வரை. வருஷக் கணக்கில் பார்த்தால் 1,600 கோடி 750 கோடியாகிவிட்டது. நான்கு மையங்கள் எங்கே என்று தெரிந்தது 2024 செப்டம்பர் கடைசியில்: கணினிக்கு பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், தகவல்தொடர்புக்கு சி-டாட்டுடன் சேர்ந்து சென்னை ஐ.ஐ.டி., உணரிகளுக்கு மும்பை ஐ.ஐ.டி., பொருள்களுக்கு தில்லி ஐ.ஐ.டி. அறிவிப்புக்கும் இதற்கும் நடுவே நாலு வருஷம் எட்டு மாசம். 2020 பட்ஜெட் பேச்சை நம்பி அந்த வருஷம் பிஎச்.டி. சேர்ந்த ஒருத்தர், மையங்களின் பெயர் வெளிவரும்போது ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருப்பார்.

திட்டமே வீண் என்று நான் சொல்லவில்லை. பணம் வருகிறது, பொருளும் வருகிறது. 2025 ஏப்ரலில் பெங்களூருவின் க்யூபிஐ நிறுவனம் 25 க்யூபிட் கணினியை அறிமுகப்படுத்தியது. சென்னை ஐ.ஐ.டி.யில் 2016-ல் முளைத்த க்யூநு லேப்ஸ், குவாண்டம் சாவிப் பகிர்வுக் கருவிகளைச் செய்து விற்கிறது. என் புகார் வேலைவாய்ப்புப் பேச்சின் மேல்தான். திட்டத்தின் நாள்காட்டி ஒன்று, மாணவரின் உதவித்தொகை நாள்காட்டி வேறொன்று. இரண்டும் பொருந்தாத வருஷங்களை யார் தாங்குவது என்பதுதான் கேள்வி. இன்றைய பதில், மாணவரின் வீடு.

இந்தத் துறையின் சரித்திரத்திலேயே இதற்கு ஒரு சம்பவம் உண்டு. பிரெஞ்சுக்காரர் கதை, புதுச்சேரிக்காரன் சொன்னால் தப்பில்லை. அலைன் அஸ்பே, ராணுவ சேவைக்குப் பதிலாக கேமரூனில் மூன்று வருஷம் பாடம் நடத்திவிட்டு ஊர் திரும்பியவர். குவாண்டம் பிணைவைச் சோதித்துப் பார்க்க ஒரு பரிசோதனையைத் திட்டமிட்டு, 1975-ல் ஜெனீவாவுக்குப் போய் ஜான் பெல்லைப் பார்க்கிறார். பெல் பரிசோதனையைப் பற்றி முதலில் கேட்கவில்லை. உனக்கு நிரந்தர வேலை இருக்கிறதா என்றுதான் கேட்டார். இருக்கிறது என்ற பிறகுதான் மேற்கொண்டு பேச்சு. 1981-லும் 82-லும் முடிவுகள் வந்தன, 2022-ல் நோபல் வந்தது. அதே பரிசைப் பகிர்ந்துகொண்ட அமெரிக்கர் ஜான் கிளாசர், 1972-லேயே முதல் சோதனையைச் செய்துவிட்டவர். அவருக்குப் பேராசிரியர் வேலை கொடுக்க ஒரு பல்கலைக்கழகமும் முன்வரவில்லை. பெல்லின் கேள்வி ஏன் அப்படி வந்தது என்று இதிலிருந்து தெரியும்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த ஆள் கெரார்ட் ரோஜே. அவர் பொறியாளர். அஸ்பேயின் மூன்று முக்கியக் கட்டுரைகளிலும் அவர் பெயர் இருக்கிறது.

நம் ஊர்ப் பக்கமும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. சென்னையில் அல்லாடி ராமகிருஷ்ணன் தன் மயிலாப்பூர் வீட்டிலேயே இளம் மாணவர்களைச் சேர்த்து கோட்பாட்டு இயற்பியல் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். 1960 ஜனவரியில் வந்த நீல்ஸ் போர் அந்தச் சின்னக் கூட்டத்தைப் பார்த்து வியந்து, வெளியிலும் சொன்னார். சி. சுப்பிரமணியம், நேரு என்று பேச்சு மேலே போய், 1962 ஜனவரி 3-ல் கணித அறிவியல் நிறுவனம் தொடங்கியது. இன்று தரமணியில் இருப்பது அதுதான். அங்கே வேலை பார்த்த ராஜையா சைமன் 2000-ல் தனி ஆளாக ஒரு கட்டுரை வெளியிட்டார். இரண்டு ஒளிக்கற்றைகள் குவாண்டம் முறையில் பிணைந்திருக்கின்றனவா என்று கண்டுபிடிப்பது எப்படி என்பது விஷயம். இருவரில் ஒருவருடைய உந்தத்தை மட்டும் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பிப் போடுங்கள். கிடைப்பது இயற்பியல்படி நடக்க முடியாத நிலையாக இருந்தால் பிணைவு உண்டு என்று ஒரு கணக்கு. ஃபிசிகல் ரிவ்யூ லெட்டர்ஸின் அதே இதழில், அதற்கு முந்தைய கட்டுரை, இதே கேள்விக்கு வேறு வழியில் பதில் சொன்னது. எழுதியவர்கள் நான்கு பேர், இன்ஸ்பர்க் குழு. தரமணி ஒருவர், இன்ஸ்பர்க் நால்வர். உலகம் முழுக்க ஒளியியல் ஆய்வகங்களில் இரண்டு முறையும் இன்றும் புழங்குகின்றன.

அப்போது தேசிய இயக்கம் எதுவும் கிடையாது. நிரந்தர வேலை இருந்தது, நூலகம் இருந்தது, எதை யோசிப்பது என்று யாரும் கட்டளை போடவில்லை. பொற்காலம் பாட நான் வரவில்லை. அந்த வேலைகள் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான், எல்லாருக்கும் கதவு திறந்திருக்கவும் இல்லை. ஆனால் கருத்தரங்கில் 'தமிழர் பெருமை' பகுதிக்கு சைமன் படம் வரும்போது, அவருக்கு என்ன கொடுத்து வைத்திருந்தார்கள் என்பதும் கூட வரணும்.

இன்னொரு குறை. கூட்டங்களில் காட்டும் ஒரே வேலை 'குவாண்டம் புரோகிராமர்'. லேப்டாப்பில் பத்து வரி எழுதி, ஆன்லைன் சான்றிதழ் ஒன்று வாங்கினால் போதும் என்ற மாதிரி. மீக்கடத்தி க்யூபிட்டை வைத்திருக்கும் குளிர்ப்பெட்டி, தனிச்சுழிக்கு மேலே ஒரு டிகிரியில் நூறில் ஒரு பங்கு அளவுக்குக் குளிரணும். அதற்குள் போகும் ஒவ்வொரு மைக்ரோவேவ் கேபிளையும் ஒருத்தர் இணைக்கணும், வெற்றிடக் கசிவை ஹீலியம் விட்டுத் தேடணும், பம்பு பழுதானால் பிரிக்கணும். சாவிப் பகிர்வுக்கு ஃபைபரை வெட்டி ஒட்டத் தெரியணும். ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் பிள்ளைகள் செய்யக்கூடிய வேலை இதில் நிறைய. அதைச் சொல்லும் ஸ்லைடு எங்கேயும் இல்லை. ஏ.ஐ.சி.டி.இ. கொண்டுவந்திருக்கும் குவாண்டம் மைனர் பாடத்திட்டத்தில் ஆய்வகத் தாள்கள் இருப்பது நல்லது. ஆனால் அது பி.டெக். மாணவர்களுக்கு மட்டும். கருவியைத் தொட்டுப் பழகிய ஆசிரியர் எத்தனை கல்லூரியில் இருப்பார் என்பது தனிக்கதை.

தெருக்காரருக்கு நான் சொன்னது இதுதான்: நெட், ஜெஸ்ட், கேட் மூன்றையும் ஒருமுறை எழுதட்டும். உதவித்தொகையோடு இடம் கிடைத்தால் போகட்டும், 8,000-க்குப் போக வேண்டாம். சேருவதற்கு முன்னால், அந்த வழிகாட்டியிடம் கடைசியாக முடித்த மூன்று பேர் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று அவளே கேட்கட்டும். பேங்க் பரீட்சையும் பக்கத்தில் இருக்கட்டும். அவருக்கு முழு திருப்தி இல்லை. எனக்கும்தான்.

அடுத்து கருத்தரங்கு நடத்தப்போகிறவர்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. நான்கு மையங்களிலும் இப்போது எத்தனை பேர் எத்தனை வருஷ ஒப்பந்தத்தில் இருக்கிறார்கள், அதில் எத்தனை பேர் தொழில்நுட்பப் பணியாளர்கள், 2031-க்குப் பிறகு அவர்கள் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து வரும் என்று கேட்டு வாங்கி, ஒரு ஸ்லைடு போடுங்கள். கொடி வேண்டுமானால் அதன் கீழேயும் போட்டுக்கொள்ளலாம்.