மல்லித்தண்ணியும் கபசுரக் குடிநீரும்

கிளிநொச்சி நகருக்கு மேற்கே, இரணைமடுத் தண்ணீரில் நெல் விளையும் உருத்திரபுரத்தில் மூக்கு ஒழுக இரண்டு பருவங்கள் உண்டு. கார்த்திகை மழையோடு தொடங்கி மார்கழிப் பனியில் உச்சத்துக்குப் போகும் தடிமன் ஒன்று. தை, மாசியில் காலபோக அறுவடை நடக்கையில், சுணை பறக்கும் வயலிலும் நெல் காயப்போட்ட வீதியோரத்திலும் வரும் தும்மல் மற்றது. முதலாவதற்குக் காரணம் வைரசு. இரண்டாவதற்குத் தூசு. இரண்டுக்கும் அடுப்பில் ஏறுவது ஒரே கேத்தில்தான். தமிழ்நாட்டிலும் இதே குழப்பம் உண்டு. ஆனால் அங்கே கேத்திலுக்குள் போகும் சரக்கும் வேறு, அதைக் குடிக்கச் சொல்கிறவர்களும் வேறு.

கிளிநொச்சியை உள்ளடக்கிய வன்னியின் வீட்டு மருந்தில் சரக்கு மிகக் குறைவு. ஒரு கைப்பிடி மல்லியை வெறுஞ்சட்டியில் வாசம் எழும்வரை வறுத்து, தட்டிய வேர்க்கொம்புத் துண்டோடு தண்ணீரில் போட்டு, பாதியாக வற்றும்வரை அவிப்பார்கள். சீனி போடுவதில்லை. பனங்கட்டித் துண்டைக் கடித்துக் கடித்துச் சுடச்சுடக் குடிக்க வேண்டும். மத்தியானத்துக்கு மிளகு, சீரகம், உள்ளி தட்டிப்போட்ட ரசம். அதையும் சோற்றில் விடாமல் கோப்பையில் குடிப்பவர்களே அதிகம். 1990களில் வன்னிக்குள் மருந்து வருவதற்குக் கட்டுப்பாடு இருந்த காலத்தில், பனடோல் காய்ச்சல்காரருக்கென்று ஒதுக்கப்பட்டது. தடிமனுக்கு மல்லித்தண்ணிதான். சிங்கள ஊர்களின் 'பஸ்பங்குவ'வும் இதற்கு நெருங்கிய உறவு: மல்லி, இஞ்சி, கண்டங்கத்தரி, பற்படாகம், மரமஞ்சள் என ஐந்தே பங்கு. இப்போது இந்த வரிசையில் 'சமஹன்' பக்கெற்றும் சேர்ந்துவிட்டது. சுடுநீரில் கரைத்தால் போதும்.

தமிழ்நாட்டு வீடுகளிலும் சுக்குக் காப்பி, தூதுவளை ரசம், கற்பூரவல்லிச் சாறு என எளிய வழிகள் பல உண்டு. வேறுபாடு வீட்டுக்கு வெளியே தொடங்குகிறது. நாட்டு மருந்துக் கடை, அரசு சித்த மருத்துவமனை, 1983இல் தொடங்கிய அரசு மூலிகை மருந்து நிறுவனமான டாம்ப்கால், 2005 முதல் தாம்பரத்தில் இயங்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் என்று அங்கே ஒரு பெரும் அமைப்பே இருக்கிறது. நிலவேம்புக் குடிநீரில் ஒன்பது சரக்கு, கபசுரக் குடிநீரில் பதினைந்து. டெங்குக் காலத்தில் முன்னதையும், 2020 கொரோனாக் காலத்தில் 'ஆரோக்கியம்' திட்டத்தின் கீழ் இரண்டையும் அரசே மக்களுக்குக் கொடுத்தது. தெருமுனையில் அண்டா வைத்துக் கட்சிக்காரர்களும் ஊற்றினார்கள். அதன்பின் காய்ச்சலே இல்லாதவரும் 'எதற்கும் இருக்கட்டும்' என்று குடிக்கிற பழக்கம் பரவியது.

இலங்கையிலும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் சித்த மருத்துவம் கற்பிக்கிறது. பரராசசேகரம் போன்ற நூல்களின் மரபும் இருக்கிறது. இருந்தும் அரசு இப்படி ஒரு குடிநீரைத் தமிழ் ஊர்களில் வீடுவீடாகக் கொண்டுபோகவில்லை. அரசியல் கைவைத்த இடத்தில் நடந்தது வேறு கதை. 2020 டிசம்பரில் கேகாலையில் தேனும் சாதிக்காயும் சேர்த்த ஒரு பாணிக்கு ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்தார்கள். அப்போதைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சியும் அதைக் குடித்துக் காட்டினார். அடுத்த மாதமே அவருக்குத் தொற்று உறுதியானது. தமிழ்நாட்டில் குறைந்தபட்சம் கையேட்டில் எழுதிய செய்முறையும் அளவும் இருந்தன. கேகாலையில் நம்பிக்கை மட்டுமே இருந்தது.

ஆவி பிடிப்பதில் இரு கரைக்கும் பேதம் கொஞ்சம். இங்கே நொச்சி, ஆடாதோடை, வேம்பு, தேசி இலைகளை மூடி அவித்து, போர்வைக்குள் சட்டியை வைத்து வேது பிடிப்பார்கள். அங்கே நொச்சியோடு மஞ்சளும் கட்டாயம். அவசரத்துக்கு நீலகிரித் தைலம் இரண்டு சொட்டு. மூக்கு சற்று நேரம் திறந்து சுகம் தரும். தடிமனின் நாட்களை அது குறைப்பதில்லை. ஏழு, பத்து நாளில் தடிமன் தானாகவே போகும். கொதிநீர்ச் சட்டி கவிழ்ந்து சுடுபடுகிற ஆபத்துத்தான் பெரிது, குறிப்பாகப் பிள்ளைகளுக்கு. 2021 மே மாதம், பொது இடங்களில் கூட்டாக ஆவி பிடிக்க வேண்டாமென்று தமிழக சுகாதார அமைச்சர் மா. சுப்பிரமணியன் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. இருமலுக்குத் தேன் ஓரளவு நல்ல பலன் தரும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் கூடவே கூடாது.

ஒவ்வாமைக்கு வந்தால் இரண்டு மரபும் தடுமாறுகின்றன. கண்ணும் மூக்கும் அரித்து, காய்ச்சல் இல்லாமல், தெளிந்த நீராக ஒழுகி, அதே வேலையில் அதே மாதத்தில் திரும்பத் திரும்ப வந்தால் அது தடிமன் அல்ல. சூடடிப்பு முடியும்வரை எத்தனை கோப்பை மல்லித்தண்ணி குடித்தாலும் அது நிற்காது. பார்த்தீனியம் இதற்குப் பொருத்தமான சாட்சி. 1950களில் பூனா பக்கம் கண்டறியப்பட்டு இந்தியா முழுதும் பரவிய அந்தக் களை, வன்னியில் முதலில் வவுனியாவில் அடையாளம் காணப்பட்டது. இந்திய அமைதிப்படை கொண்டுவந்த ஆடுகளோடு விதை வந்ததென்பது இங்குள்ள பரவலான கருத்து. அதன் மகரந்தத்தால் வரும் தும்மலுக்கும் தோல் அரிப்புக்கும் பதினைந்து சரக்கும் உதவாது, ஐந்து சரக்கும் உதவாது. கையுறை போட்டு, பூக்குமுன் பிடுங்குவதே வழி.

இந்த இடத்தில் இந்தியாவிடம் எடுத்துக்கொள்ளத்தக்க ஒன்று இருக்கிறது. யோகப் பயிற்சியில் செய்யும் ஜல நேதி, அதாவது உப்புநீரால் மூக்கைக் கழுவுவது, தூசு ஒவ்வாமைக்கு உண்மையிலேயே உதவும். ஒரே நிபந்தனை, தண்ணீர் கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும். கேரளத்தில் அண்மைக் காலத்தில் உயிர்களைப் பறித்த மூளை அமீபா மூக்கு வழியாகத்தான் நுழைகிறது. கிணற்றுத் தண்ணீரை அப்படியே மூக்கில் விடுவது விஷப்பரீட்சை.

தமிழ்நாடு வன்னியிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது குறைவான சரக்கைத்தான். மல்லியும் வேர்க்கொம்பும் சமையலறைப் பண்டங்கள். கூடினாலும் பெரிய கெடுதல் இல்லை, நோய் வந்தால் மட்டுமே குடிக்கப்படுகின்றன. பதினைந்து சரக்குக் குடிநீரை வைத்தியர் சொல்லாமல் மாதக்கணக்கில் குடிப்பது வேறு. கர்ப்பிணிகளும், இரத்த அழுத்தத்துக்கோ நீரிழிவுக்கோ மாத்திரை எடுப்பவர்களும் கேட்டுத்தான் குடிக்க வேண்டும்.

உருத்திரபுரத்து வயற்காரருக்கு ஆகவே இரண்டு பதில். மார்கழித் தடிமனுக்கு மல்லித்தண்ணி, ஓய்வு, பொறுமை. மாசித் தும்மலுக்கு முகத்தைச் சுற்றி ஈரத்துணியோ முகக்கவசமோ, வேலை முடிந்ததும் குளிப்பு, உப்புநீர். அதற்கும் அடங்காவிட்டால் பாமசியில் கேட்டு ஒரு ஒவ்வாமை மாத்திரை. மூச்சு இழுத்தால், நெஞ்சு விசிலடித்தால் கேத்திலை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இந்த ஒரு விடயத்தில் இரு கரைக்கும் மருந்து ஒன்றே.