கடலடியில் வசிப்போர்: டிறெக்சியா இசை குறித்துச் சில குறிப்புகள்

நடன இசை குறித்து எழுதப்போகிறேன் என்றதும் நண்பரொருவர் சிரித்தார். "உமக்கும் வயது போகுதல்லோ" என்றார். அவரது சிரிப்பில் நியாயமிருக்கிறது. நான் வரலாறு படிப்பித்தவன். இயந்திரத்தாளத்துக்குத் துள்ளும் இசையை முதலாளியத்தின் கேளிக்கைச் சரக்கென்று ஒரே வசனத்தில் தள்ளிவைத்தவன். அந்த வசனத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளவே இதனை எழுதுகிறேன்.

இரவு வேலையில் எனக்குப் பக்கத்தில் நின்று பெட்டி அடுக்கும் இளைஞன் ஒருநாள் இடைவேளையில் தனது ஹெட்போனைக் கழற்றித் தந்தான். "டிறெக்சியா, கேளுங்கள்" என்றான். கேட்டேன். மீண்டும் பெல்ட்டடிக்குப் போனபோது கை ஓடவில்லை.

டிறெக்சியா என்பது ஜேம்ஸ் ஸ்ரின்சன், ஜெரால்ட் டொனால்ட் என்ற இரு கறுப்பின இளைஞர்கள். ஊர் டெற்றோயிற். மோட்டார்க் கார்த் தொழிலால் எழுந்து அதனாலேயே கைவிடப்பட்ட நகரம். 1950இல் 18 இலட்சத்துக்கு மேலிருந்த சனத்தொகை 2000இல் பத்து இலட்சத்துக்குக் கீழே போய்விட்டது. இவர்களது முதல் இசைத்தட்டு 1992இல் வந்தது. அடுத்து வந்தவற்றில் பல 'அண்டர்கிறவுண்ட் றெசிஸ்ரன்ஸ்' என்ற, முகங்காட்ட மறுத்த டெற்றோயிற் கலைஞர்களின் வெளியீடுகள். இவர்களும் பல வருடங்கள் பெயரோ படமோ தரவில்லை. ஸ்ரின்சன் 2002 செப்ரெம்பரில் 32 வயதில் இறந்தார். ஏறத்தாழ என் வயதுக்காரர். நான் விரிவுரை மண்டபத்தில் நின்ற காலத்தில் அவர் இதைச் செய்துகொண்டிருந்திருக்கிறார்.

இசைக்கு வருவோம். ஐரோப்பிய விடுதிகளில் ஒலிக்கும் டெக்னோவில் அடித்தாளம் பெரும்பாலும் நான்கும் சமமாக விழும். இவர்களது தாளம் முறிந்து விழும். காத்திருந்த இடத்தில் அடி இராது, எதிர்பாராத இடத்தில் இரட்டையாக வரும். கீழே குமிழியிடும் கனத்த ஒலி, மேலே குளிர்ந்த கீற்றாக ஒரு சிறு மெட்டு. இதன் மூலவேர் ஜேர்மனியின் கிறாஃப்ற்வேர்க்கில் இருக்கிறது. 1982இல் நியூயோர்க்கின் ஆபிரிக்கா பம்பாற்றா அதையெடுத்து றோலன்ட் 808 தாள இயந்திரத்தில் ஏற்றினார். டெற்றோயிற்றில் 'சைபொற்றோனும்' அதே வழியில் சென்றது. எலெக்ற்றோ எனப்படும் அந்த வழி 90களில் பழசாகிப்போன நேரத்தில் டிறெக்சியா அதை இன்னும் வேகமாக்கி, இன்னும் இருட்டாக்கி உயிர்ப்பித்தது. 1999இல் பேர்லினின் 'ற்றெசோர்', 2002இல் றொட்டர்டாமின் 'குளோன்' ஆகிய நிறுவனங்கள் இவர்களது தொகுப்புகளை வெளியிட்டன. பழைய இசைத்தட்டுகளைக் குளோன் 2011 முதல் நான்கு தொகுதிகளாக மீளவும் கொணர்ந்தது. ஒல்லாந்திலும் ஜேர்மனியிலும் இன்று எலெக்ற்றோ செய்யும் ஒரு தலைமுறை இந்த முறிந்த தாளத்தில்தான் பாடம் படித்திருக்கிறது.

எமது பெல்ட்டுக்கு ஒரே சீர்தான். அதற்கு உடம்பு பழகிவிட்டால் வீட்டில் சோறு குழைக்கும்போதும் விரல் அந்தச் சீரிலேயே அசையும். அதே இயந்திரத்தைக் கொண்டு அந்தச் சீரைக் குலைக்கலாம் என்பதை எனக்குப் புத்தகங்கள் சொல்லவில்லை, இவர்கள் சொன்னார்கள்.

1997இல் வந்த 'த குவெஸ்ற்' தொகுப்பின் உறையில்தான் இவர்கள் தமது கதையை வெளிப்படையாக எழுதினார்கள். கருவில் குழந்தை நீருக்குள்ளேதான் வாழ்கிறது. அப்படியாயின், அடிமைக் கப்பல்களிலிருந்து கடலில் வீசப்பட்ட கர்ப்பிணிப் பெண்களின் குழந்தைகள் காற்றைச் சுவாசிக்காமலே கடலடியில் பிழைத்திருக்கலாகாதா? டிறெக்சியர் அவர்களின் வழித்தோன்றல்கள். முந்தைய இசைத்தட்டுகளின் தலைப்புகளில் ஏற்கெனவே குமிழி நகரமும் அலைதாண்டுவோரும் இருந்தார்கள்.

'சொங்' என்ற கப்பலைப் பற்றி நான் படிப்பித்திருக்கிறேன். 1781இல் 130க்கு மேற்பட்ட ஆபிரிக்கர்களை மாலுமிகள் உயிரோடு கடலில் வீசினர். கப்பலின் உடைமையாளர் காப்புறுதிப் பணம் கேட்டு வழக்காடினர். அதை நான் காப்புறுதியின் வரலாறாகவே படிப்பித்தேன். தொகை, திகதி, தீர்ப்பு. மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள். கடலுக்குள் போனவர்களைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இந்தக் கதையைப் புகழும் விமர்சகர்களோடு எனக்கு ஒரு பிணக்குண்டு. அவர்கள் உறையைப் படிக்கிறார்கள், தாளத்தைக் கேட்பதில்லை. கதை வருமுன்னரே ஐந்து வருடங்களாகச் சனங்கள் இதற்கு ஆடியிருக்கிறார்கள். கதையோடும் எனக்கு ஒரு பிணக்குண்டு. பிள்ளைகள் வீரராகவும் விஞ்ஞானிகளாகவும் வாழ்கிறார்கள், தாய்மார் எங்கே? அவர்கள் பெற்றுவிட்டு மறைந்துபோகிறார்கள். வீரத்தின் கதைகளில் தாய்க்கு எப்போதும் இதே இடந்தான் என்பது எமக்குப் புதிதல்ல. 2019இல் றிவர்ஸ் சொலமன் இக்கதையிலிருந்து எழுதிய 'த டீப்' நாவலில் இனத்தின் முழு நினைவையும் ஒருத்தி தனியே சுமக்கிறாள். மற்றவர்கள் மறந்து சுகமாயிருக்கிறார்கள். அந்த ஒருத்தி இசைத்தட்டில் இல்லை.

ஆயினும் இவர்களிடம் எமக்கொரு பாடம் இருக்கிறது. எமது இறந்தோரைப் பற்றி நாம் இரண்டு விதமாகவே எழுதிவந்திருக்கிறோம்: ஒன்று பட்டியல், மற்றது ஒப்பாரி. பட்டியல் அவசியம், அதைக் கைவிடச் சொல்பவன் நானல்ல. ஆனால் நீரில் போனவர்களைக் குடிமக்களாக, நகரங் கட்டுவோராக, எம்மைவிட வேகமாக நகர்வோராகக் கற்பனை செய்ய எமக்குத் துணிவு வரவில்லை. அது இறந்தோருக்குச் செய்யும் அவமரியாதையென்று அஞ்சுகிறோம். அந்த அச்சம் சரியா, தவறா என்று என்னால் இன்னமும் தீர்மானிக்க முடியவில்லை. வாசகர்கள் எழுதவேண்டும்.

இளைஞனிடம் ஹெட்போனைத் திருப்பிக் கொடுக்கையில், "இது துக்கமான இசையா, சந்தோசமானதா?" என்று கேட்டேன். "ஆடிப்பாருங்கள்" என்றான். ஐம்பது கடந்த முன்னாள் விரிவுரையாளன் தொழிற்சாலைச் சாப்பாட்டறையில் ஆடுவதாவது! ஆனால் மேசைக்குக் கீழே என் கால் அசைந்துகொண்டிருந்ததை அவன் கண்டிருக்கக் கூடும்.