யாத்திரிகன் காப்பியத் தலைவன் ஆவானா?

இரட்சணிய யாத்திரிகத்தைக் குறித்து இந்நாளில் எழுதப்பெறும் கட்டுரைகளிலும், அதனை எடுத்தாளும் அருளுரைகளிலும் ஒரு புதிய சொல்வழக்குப் புகுந்திருக்கக் காண்கிறோம். யாத்திரிகன் ஒரு தேடல் வீரன். வீட்டைத் துறந்து, இடர்களை வென்று, பேற்றை அடைந்தவன். ஆதலால் அவன் உலகக் கதைகள் யாவற்றிலும் காணப்பெறும் தொல்படிமத்தின் கிறிஸ்தவ வடிவம் என்பர். ஜோசப் கேம்பல் 1949-இல் வெளியிட்ட நூலில் வகுத்த புறப்பாடு, சோதனை, திரும்புதல் என்னும் மூன்று நிலைகளையும் இக்கதையில் பொருத்திக் காட்டுவர். மாணவர்க்கு இஃது எளிய கருவியாய் இருப்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் இக்கருவி நூலைத் திறக்கிறதா, மூடுகிறதா என்பதே நம் வினா.

முதலாவது, பனியன் எழுதிய மூலக்கதையை நோக்குவோம். பெட்ஃபோர்டு சிறைவாசத்தின் கனியாய்ப் பிறந்து 1678-இல் அச்சேறிய அந்நூலின் பயணி எதனை வென்றான்? அவநம்பிக்கை என்னும் சேற்றில் அவன் அமிழ்ந்தபோது பிறிதொருவன் கை கொடுத்துத் தூக்கினான். அவன் முதுகின் பாரம் சிலுவையண்டையில் தானே கழன்று உருண்டு கல்லறைக்குள் மறைந்தது. அதனை இறக்க அவன் ஒரு விரலையும் அசைக்கவில்லை. அப்பொல்லியோனோடு போரிட்டான், உண்மை. ஆயினும் அப்போரிலும் வாள் கைநழுவி வீழ்ந்தது. சந்தேகக் கோட்டையில் அடிபட்டுக் கிடந்த நாள்களெல்லாம் அதன் திறவுகோல் அவன் மடியிலேயே இருந்தது, அதனை மறந்திருந்தான். இறுதியில் மரண ஆற்றைக் கடக்கையிலும் அவன் தலை நீருக்குள் தாழ, உடன்வந்த நம்பிக்கை என்பவன் அதனைத் தாங்கிப் பிடித்தான். இவனை வீரன் என்பது இவனுக்கு நாம் செய்யும் உபசாரமேயன்றி உண்மையாகாது. மேலும், கேம்பலின் வீரன் பெற்ற வரத்தோடு ஊர் திரும்புகிறான். பனியனின் பயணியோ திரும்புவதேயில்லை.

இனி நம் நாட்டுக் கவிஞரிடம் வருவோம். திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில் 1827-இல் வைணவ வேளாளர் குடியிற் பிறந்து, 1853-இல் சாயர்புரத்தில் தமிழாசிரியராய் அமர்ந்து, 1858-இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றவர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை. பாளையங்கோட்டை நற்போதகம் இதழில் தொடராக வெளிவந்து 1894-இல் நூலுருப் பெற்ற அவருடைய காப்பியத்தை வெறும் மொழிபெயர்ப்பு என எண்ணுவோர் இன்னும் உளர். அவர் எதிர்கொண்ட இடர்ப்பாட்டை எண்ணிப் பார்த்தாலே அவ்வெண்ணம் அகலும். பெருங்காப்பியத்துக்குத் தன்னேரில்லாத தலைவன் வேண்டும் என்பது தண்டியலங்காரம் வகுத்த நெறி. கம்பனுக்கு இராமன் இருந்தான். கிருஷ்ணபிள்ளையின் கையில் இருந்தவனோ கந்தை உடுத்து, பாரம் சுமந்து, அஞ்சி ஓடும் ஓர் ஏழைப் பாவி. பருவம் என்னும் பெரும்பிரிவைப் பாரத மரபிலிருந்தும், படலம் என்னும் உட்பிரிவைக் கம்பனிடமிருந்தும் எடுத்துக்கொள்ளலாம். தலைவனை எங்கிருந்து எடுப்பது?

இருவழிகள் அவர்முன் இருந்தன. ஆத்தும விசாரியை உயர்த்தி, அவனுக்கு வீரமும் பொலிவும் ஊட்டி, இலக்கணத்துக்கு இசைவித்திருக்கலாம். தமிழ்ப் புலவர் ஒருவர்க்கு அஃது அரிய செயலன்று. அவர் அதைச் செய்யவில்லை. பனியன் கதையில் இல்லாத ஒன்றைச் சேர்த்தார். ஆதி பருவத்தில் படைப்பையும் வீழ்ச்சியையும் வைத்தார். இரட்சணிய சரிதப் படலத்தில் ஆண்டவரின் பாடுகளை மிக விரித்துப் பாடினார். பனியன் தம் வாசகர் அறிந்ததெனக் கொண்டு ஒரு சிலுவைக் காட்சியில் அடக்கியதைக் கிருஷ்ணபிள்ளை காப்பியத்தின் நெஞ்சாக்கினார். தமிழ் வாசகர் பலர் அச்சரிதத்தை அறியாதவர் என்பது ஒரு காரணமாகலாம். எனினும் நாம் கருதுவது, காப்பிய நெறியே அவரை அங்குச் செலுத்திற்று என்பதாகும். தன்னேரில்லாத தலைவன் யார் என்னும் வினாவுக்கு ஒரு கிறிஸ்தவப் புலவன் தரக்கூடிய விடை ஒன்றே. ஆகவே நூலில் பயணங்கள் இரண்டாயின: மேலிருந்து கீழ்நோக்கித் தேடி வந்த குமாரனின் பயணம், அதனால் நடக்க இயன்ற பாவியின் பயணம். தேடல் வீரன் என்னும் படிமத்தை எவருக்கேனும் சூட்டவேண்டின், முன்னவருக்கே சூட்டுக. திருமறை முழுவதையும் ஒரே தேடற் கதையாக நோக்கிய நார்த்ராப் ஃபிரையும் 1957-இல் வந்த தம் நூலில் வலுசர்ப்பத்தை வெல்லும் வீரனாக மேசியாவையே கண்டார் என்பதை, கேம்பலை மட்டும் கற்று நிற்போர் நோக்குவாராக.

தாமிரபரணிக் கரையில் இவ்வுணர்வு புதியதன்று. நம்மாழ்வார் பிறந்த குருகூரும் நவதிருப்பதிகளும் இக்கரையிலேயே உள்ளன. தாய்ப் பூனை தன் குட்டியைக் கவ்விச் செல்வதுபோல இறைவன் அடியவனைத் தாங்குகிறான் என்று கற்பித்த தென்கலை வைணவம் தழைத்த நிலம் இது. குருகூரில் தோன்றிய மணவாள மாமுனிகள் அம்மரபின் பேராசான். வைணவக் குடியிற் பிறந்த கவிஞர், சுமக்கப்படும் யாத்திரிகனைப் பாடியபோது பியூரிட்டன் சமயத்தாரின் அருட்கோட்பாட்டை மட்டும் எதிரொலித்தார் எனக் கொள்வது பொருந்தாது. காப்பியத்தினூடே தேவாரம் என அவர் அமைத்த இசைப்பாக்களை ஓதிப் பார்ப்போர்க்கு இது விளங்கும். கதை அங்கே நின்றுவிடுகிறது. நடந்தவன் நடையை விட்டுக் கைகூப்புகிறான். அவ்விடங்களே நூலின் உச்சம் என்பது நம் துணிபு. நெடிய வருணனைகளில் கவிஞர் கம்பனை மிகவும் நினைத்துக்கொண்டார் என்னும் குறை சொல்வோரோடு நாமும் ஓரளவு உடன்படுகிறோம்.

ஆயினும் நூலைப் பற்றி நமக்கு ஒரு மனக்குறை உண்டு. அது வருணனையைப் பற்றியதன்று. யாத்திரிகன் மனைவி மக்களை விட்டுத் தனியே ஓடுகிறான். கிருஷ்ணபிள்ளையைப் போன்று உயர்குடியிலிருந்து ஒருவராய் வந்தவர்க்கு அக்காட்சி தம் சொந்த வரலாறாய்த் தோன்றியிருக்கும். திருநெல்வேலித் திருச்சபையின் பெரும்பகுதியோ அவ்வாறு தோன்றியதன்று. 1799-இல் முதலூர் எழுந்தது ஊராய்த் திரண்டு வந்தவர்களால். துன்புற்ற விசுவாசிகளைக் குடியமர்த்த நிலம் வாங்கும் பொருட்டு இரேனியஸ் ஐயர் 1830-இல் தரும சங்கத்தை நிறுவினார். நாசபுரியை விட்டு நம் முன்னோர் வெளியேறியபோது கிழவரும் குழந்தைகளும் ஆடுமாடுகளும் உடன்வந்தன. அதற்கும் முன்னே, 1780-இல் பாளையங்கோட்டைச் சபையின் பதிவேட்டில் எழுதப்பெற்ற நாற்பது பெயர்களுள் தலையாயது குளோரிந்தா என்னும் கைம்பெண்ணின் பெயர். ஊராய் நடந்த இந்த யாத்திரையைக் காப்பியத்தில் தேடினால் காண்பது அரிது.

இவ்விரண்டையும் நாம் சேர்த்துக் கூறுவதற்குக் காரணம் உண்டு. யாத்திரிகனைத் தனிநின்ற வெற்றி வீரனாக்கிப் பிரசங்கிக்கும்போது, கடனாலோ குடியாலோ நொறுங்கிப்போய்க் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவர் என்ன கேட்கிறார்? நீ வெல்லவில்லை, ஆதலின் நீ யாத்திரிகன் அல்லன் என்றே கேட்கிறார். அவரிடம் ஆயர் சொல்லவேண்டியது பனியனின் பயணி சேற்றில் கிடந்த கதையை; ஆற்றில் அவன் தலையைத் தாங்கிய கையின் கதையை. 2023 டிசம்பரில் தாமிரபரணி கரை புரண்டபோது பெருக்கைத் தனியே நீந்தி வென்றவர் எத்தனை பேர்? படகேறி வந்தவர்களும், கயிற்றைப் பிடித்து வந்தவர்களும், பிறர் தோளில் வந்தவர்களுமே மிகுதி.

பனியன் 1684-இல் இரண்டாம் பகுதியை எழுதினார். அதில் பயணியின் மனைவி தன் பிள்ளைகளோடும் தோழியோடும் புறப்படுகிறாள், தைரியநெஞ்சன் வழிகாட்டுகிறான், நொண்டிகளும் மனந்தளர்ந்தவர்களும் வழியில் வந்து சேர, கூட்டம் பெருகுகிறது. வலியோர் மெலியோர்க்காக நடையைத் தாழ்த்துகின்றனர். முதலூரிலும் நாசரேத்திலும் உள்ள முதியோர் தம் குடும்பக் கதையைச் சொல்லும்போது இதனையே சொல்லக் கேட்கிறோம். கிருஷ்ணபிள்ளையின் காப்பியம் முதற்பகுதியோடு அமைந்துவிட்டது. இறையியல் மாணவர் எவரேனும் அம்முதியோரின் கதைகளை எழுதித் தொகுத்து, இரண்டாம் பகுதியோடு ஒப்புநோக்க முன்வருவாராயின், அக்கட்டுரையை இவ்விதழில் காண விழைகிறோம்.