கே. எஸ். மணியத்தின் 'தி ரிட்டர்ன்': வாழிட உரிமை நோக்கில் ஒரு மதிப்பீடு

மலேசியத் தமிழர் வாழ்வைப் பொருளாகக் கொண்ட ஆங்கிலப் புதினங்களுள் கே. எஸ். மணியத்தின் 'தி ரிட்டர்ன்' (1981) குறிப்பிடத்தக்கது. கெடா மாநிலத்துப் பீடோங்கைக் களமாகக் கொண்ட இதனைத் தலைமுறை முரண்பாட்டின் கதையாகவே பெரும்பாலும் வாசித்து வந்துள்ளோம். வாழிட உரிமையின் கதையாகவும் இதனைக் காணவேண்டும் என்பதே நம் கருத்து.

தமிழகத்திலிருந்து வந்த பெரியத்தாய், வாழ்நாளெல்லாம் உழைத்தும் தாம் குடியிருந்த நிலத்துக்கு உரியவர் ஆகவில்லை. கதைசொல்லி ரவியின் தந்தையான நைனா, தமக்குப் பத்திரம் இல்லாத நிலத்தில் வீடு எழுப்புகிறார். வெளியேறுமாறு அதிகாரிகள் வற்புறுத்துகின்றனர். அவரோ தமிழும் மலாயும் சீனமும் கலந்த மொழியில் மண்ணை விளித்து ஓதுகிறார்; இறுதியில் வீட்டுக்குத் தீமூட்டி அதனுள்ளேயே மாய்கிறார். இதனைப் பித்து என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. அலுவலகத்தின் மொழி கைவராத ஒருவர் மண்ணிடமே நேராக முறையிடுவதாக இது அமைகிறது.

பேராக் வாசகர்க்கு இம்முறையீடு அயலானதன்று. ஈப்போ, குனோங் ராபாட் வட்டாரத்துத் தோட்டங்களில் உழைத்தோருள்ளும் 1957-க்குப் பின் குடியுரிமை பெறாதோர் இருந்தனர். 1968-ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் குடியுரிமையற்றோர் வேலை செய்யவும் அனுமதி பெறவேண்டியதாயிற்று. சிவப்பு அடையாள அட்டை நிரந்தர வசிப்பிடம் தருகிறது, வாக்குரிமை தருவதில்லை. பச்சை நிற 'மைகாஸ்' அட்டையோ தற்காலிக வசிப்பிடத்துக்கே உரியது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகளில் பத்தாண்டுகள் வாழ்ந்து, போதிய மலாய் மொழியறிவும் பெற்று விண்ணப்பிப்பவர்க்குங்கூட, குடியுரிமை வழங்குவது அரசின் விருப்புரிமையே. நிலவுரிமையும் குடியுரிமையும் சட்டத்தில் வேறுவேறு. எனினும், நெடுங்காலம் வாழ்ந்தமை தானாகவே உரிமை ஆகாது என்பது இரண்டுக்கும் பொது. புதினம் தொடும் இடம் இதுவே.

புதினத்தின் எல்லையையும் சுட்டுதல் வேண்டும். நைனா தனித்தே போராடுகிறார். சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன், 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, தொழிலாளரின் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்க வழிசெய்தார். அத்தகைய கூட்டு முயற்சியின் சாயல் புதினத்தில் இல்லை. ஆயினும், கூட்டுறவுப் பங்கு நிலத்தில் உரிமை தருமேயன்றி நாட்டில் உரிமை தராது. அவ்வுரிமைக்கு இன்றும் காத்திருப்போரை மனத்திற்கொண்டு வாசிக்கும்போது, நைனாவின் முடிவு ஒரு குடும்பத்தின் துயரம் என்ற அளவில் நின்றுவிடுவதில்லை.