வளரும் சுவரும் வாழும் மனிதரும்

தம்புள்ளைக்கு அருகே, கண்டலம குளக்கரையில், ஜெஃப்ரி பாவாவின் திட்டப்படி எழுந்து 1994இல் திறக்கப்பட்ட விடுதியை மாத்தளை மாவட்டத்தார் நன்கறிவர். ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் நீளமான அக்கட்டடத்தைச் செடியும் கொடியும் போர்த்து நிற்கின்றன. அது கட்டி முடித்த நாளிலன்று, தழை மூடிய நாளிலேதான் நிறைவெய்தியது எனலாம். ஆயின், பாவாவைப் போற்றும் நூல்கள் அத்தழையைப் பேணும் கைகளைப் பற்றி அரிதாகவே பேசுகின்றன.

மேலைநாட்டார் இவ்வழியில் மேலும் சென்றுள்ளனர். 2014இல் நியூயோர்க்கில், சோளத்தட்டைக் கழிவிற் பூஞ்சண இழையை வளர்த்துக் கற்களாக்கி, ‘ஹை-ஃபை’ என்னும் கோபுரத்தை எழுப்பினர். 2019இல் தாலின் நகரில், கலப்பு மெய்ம்மைக் கண்ணாடி அணிந்தோர், கண்முன் மிதக்கும் ஒளிக்கோட்டை நோக்கி, ஆவியிற் பதமாக்கிய மரக்கீற்றுகளைக் கையால் வளைத்து ஒரு மண்டபம் அமைத்தனர். இவ்விரு வழிகளையும் இணைக்க இன்று ஆய்வாளர் முயல்கின்றனர். வளரும் பொருள் காகித வரைபடத்துக்கு அடங்காது. மாறும் சுவருக்கு அதனோடு மாறும் வரைபடம் வேண்டும். இக்கருத்திலே நாம் குறை காணவில்லை.

நமது வினா வேறு. அக்கண்ணாடியை அணிபவர் யார்? ஒளிக்கோடு காட்டியவாறே கையை அசைப்பவன் கலைஞனா, கூலியா? மேகாலயத்துக் காசி மக்கள், ஆலின் இனமான ஒரு மரத்தின் விழுதுகளை ஆற்றின் குறுக்கே இழுத்து, தலைமுறை தலைமுறையாக உயிர்ப்பாலங்களை வளர்த்து வருகின்றனர். எண்ணியவரும், வளைத்தவரும், நடப்பவரும் அங்கே ஒரே மக்கள். அறிவு கையைவிட்டுப் பிரியவில்லை.

நம் மாவட்டத்துத் தோட்ட லயன்களின் சுவர் வெடிப்பிலும் அரசங்கன்று முளைக்கிறது. அதனை எவரும் உயிர்க் கட்டடக்கலை என்று பாராட்டுவதில்லை! மன்னார்க் கரையில் இறங்கி, காடு கடந்து, மாத்தளைக்கு நடந்து வந்தோரின் வழித்தோன்றல்களுள் பலர் இன்றும் அந்தக் காம்பராக்களிலேயே வாழ்கின்றனர். அவற்றைத் திட்டமிட்டவர் அவர்களை ஒரு சொல் கேட்டதுண்டோ?

புதிய கலையை நாம் வெறுக்கவில்லை. அதனை நம் மக்களுக்கும் உரியதாக்க விரும்புகிறோம். அக்கண்ணாடியை முதலில் லயத்துத் தாய் அணியட்டும். இன்னும் கட்டப்படாத தன் வீட்டினுள்ளே அவள் நடந்து பார்க்கட்டும்; “அடுப்பு இங்கே, சன்னல் அங்கே” என்று அவள் சொல்ல, வரைபடம் மாறட்டும். அந்நாளில், உயிருள்ள கட்டடம் என்ற பெயரை நாமும் மனமார வழங்குவோம்.